மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்



"கர்த்தரை நம்புகிறவங்களுக்குக் கணக்கும் காகிதமும் எதுக்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களை எரேமியா 32-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்கச் சொல்வேன்.

கி.மு. 587-ஐ ஒட்டிய காலம். எருசலேமைச் சுற்றிலும் பாபிலோன் சேனை. நகரம் பிடிபடும் என்று சொன்னதற்காகவே சிதேக்கியா ராஜா எரேமியாவைக் காவற்சாலை முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறான். அங்கே அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான்.

ஆனதோத் ஒன்றும் தூரம் இல்லை. எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆனால் போய்ப் பார்க்க வழி ஏது? நம் வீட்டுக்காரர் இப்படி ஒரு நிலம் வாங்கினால் நாம் சும்மா இருப்போமா? "புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்று கேட்டிருக்க மாட்டோமா? அதிலும் எரேமியாவுக்குக் கல்யாணமே இல்லை. சொத்தை ஆளப் பிள்ளையும் கிடையாது.

ஆனாலும் தேவன் சொன்னபடியே வாங்கினார். 17 சேக்கல் வெள்ளி, நம் கணக்கில் ஏறக்குறைய 190 கிராம். தராசில் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்து வாங்கினார். பத்திரம் இரண்டு பிரதி: முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று. இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குகிற காலம் வரும் என்பது தேவன் கொடுத்த வாக்கு. அதைக் கேட்டு ஆமென் சொன்னதோடு விடாமல், பத்திரம் வைக்கப் பானையும் தேடினார் பாருங்கள்! பானையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சவக்கடல் பக்கம் கும்ரான் குகையில் 1947-ல் கிடைத்த வேதச் சுருள்கள், ஏறக்குறைய 2,000 வருஷம் மண் ஜாடிக்குள்தான் இருந்தன.

இன்னொன்றும் கவனித்தேன். பத்திரத்தைக் கொடுத்த பிறகுதான் எரேமியா ஜெபம் பண்ணுகிறார். நகரமே எதிரி கையில் போகிறதே, இந்த நேரத்தில் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று அதில் ஒரே கலக்கம். கலக்கம் தீரட்டும், அப்புறம் வாங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

நகரம் விழுந்தது. எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு பிடி தானியம் அறுத்ததாக வேதத்தில் இல்லை. ஆனால் கி.மு. 538-ல் கோரேசு ராஜாவின் கட்டளை பிறந்து, சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்பி வந்த கணக்கு எஸ்றா 2-ல் இருக்கிறது. அதில் ஆனதோத் ஊரார் 128 பேர்! வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் தாண்டிப்போகிற அதிகாரம் அது.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் தெருவில் இருக்கும் ஓர் இளம் தாய். மகனுக்கு வலிப்பு. தினமும் மாத்திரை கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஜெபிக்க வந்த ஒருவர், விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அக்கா, மாத்திரை கொடுத்தா நான் நம்பலைன்னு ஆயிடுமா?" என்று அழுதாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாக வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டர்தான் சொல்ல வேண்டும். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுப்பதாக வாக்குக் கிடைத்த பிறகும், பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப் போட்டார்கள். போடச் சொன்னது வைத்தியர்கூட இல்லை, ஏசாயா தீர்க்கதரிசி!

அவள் இப்போது ராத்திரி மாத்திரையைக் கொடுத்து, காலண்டரில் புள்ளி வைத்துவிட்டு, பையன் தலைமேல் கைவைத்து ஜெபிக்கிறாள். டப்பாவில் பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாசத்துக்கு வாங்கிவிடுகிறாள். வருகிற ஜூனில் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம். சீருடைத் துணி இப்போதே எடுத்துத் தையற்காரரிடம் கொடுத்தாயிற்று. வளர்கிற பிள்ளையாயிற்றே, இரண்டு விரற்கடை மடித்துத் தைக்கச் சொல்லியிருக்கிறாள்.