தூய்மைப் பட்டம் காற்றுக்கு இல்லை

2016-இல் நாட்டிலேயே தூய்மையான நகரம் என்று மைசூரு வாங்கிய பட்டம் குப்பைக்கும் கழிப்பறைக்கும்தான், காற்றுக்கு அல்ல. கே.ஆர். சர்க்கிளில் பஸ் கிளம்பும்போது பாருங்கள்: ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நிற்கும் குழந்தையின் முகத்திலேயே கரும்புகை அடிக்கிறது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூசு நுரையீரலோடு நிற்காது; ரத்தத்தில் கலக்கும். மிக நுண்ணிய துகள்கள் மூக்கு நரம்பு வழியாக மூளையையே எட்டக்கூடும். முதுமை மறதிநோய்க்கான, தவிர்க்கக்கூடிய காரணங்களில் காற்று மாசையும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020-இல் சேர்த்துவிட்டது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூசுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்போ 40! டெல்லியோடு ஒப்பிட்டு நிம்மதி அடைவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பள்ளி வாசலிலும் காற்றை அளக்கச் சொல்லி மாநகராட்சியைக் கேட்போம்.