கூண்டு வாங்கும் முன்பு

கொல்கத்தாவின் கேலிஃப் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடப்பதும், லக்னோவின் நக்காஸ் கடைவீதியில் நடப்பதும், ஹைதராபாத்தின் பழைய நகரத்தில் நடப்பதும் ஒன்றுதான். குழந்தை ஒரு கூண்டைப் பார்த்து விரல் நீட்டுகிறது. அப்பா விலை கேட்கிறார். கடைக்காரர் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இரண்டு குருவிகளைப் போட்டுக் கொடுத்து, கூடவே ஒரு பொட்டலம் தினையும் தருகிறார். "ஒண்ணும் கஷ்டமில்லை சார், தினை போட்டு தண்ணி வெச்சாப் போதும்" என்பது எல்லா மொழிகளிலும் அவர் சொல்லும் வாசகம். சில வாரங்களில் பெரும்பாலும் ஒரு குருவி செத்துப்போகிறது. துணையை இழந்த இன்னொன்று மூலையில் ஒடுங்குகிறது. "நமக்கு ராசியில்லை" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபிஞ்ச் என்று கடைகளில் அழைக்கப்படும் இந்தக் குருவிகள் எளிதில் வளர்க்கக்கூடியவைதான். ஆனால் எளிது என்பதற்கு, கவனிக்காமல் விடலாம் என்று பொருளில்லை. வரிக்குதிரைபோல் வாலில் பட்டை போட்ட ஜீப்ரா ஃபிஞ்சின் எடை சுமார் 12 கிராம். அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரை. அவ்வளவு சிறிய உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. ஒரு நாள் பட்டினியே உயிருக்கு உலை வைத்துவிடும்.

முதல் கேள்வி எந்தக் குருவி என்பது. இதில்தான் பலர் தங்களை அறியாமல் சட்டத்தை மீறுகிறார்கள். கடைகளில் 'ஃபிஞ்ச்' என்ற ஒரே பெயரில் இரண்டு வகையான பறவைகள் விற்கப்படுகின்றன. ஒன்று, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளரும் அயல்நாட்டு இனங்கள். ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஜீப்ரா ஃபிஞ்ச் இதில் முதலிடம் பெறுகிறது. அடுத்தது பெங்காலீஸ் ஃபிஞ்ச். பெயரைப் பார்த்து இதை வங்காளத்துப் பறவை என்று நினைத்துவிடக் கூடாது. ஆசியாவில் காணப்படும் வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானியர்கள் 200 ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்து உருவாக்கிய வீட்டுப் பறவை அது. காட்டில் இந்தப் பறவை எங்குமே கிடையாது.

இரண்டாவது வகை, வயல்களிலிருந்து வலைபோட்டுப் பிடிக்கப்பட்ட நம் நாட்டுச் சில்லைகள். வட இந்தியாவில் இவற்றை முனியா என்கிறார்கள். சிவப்புச் சில்லை, புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை என்று இவற்றில் பல உண்டு. சிவப்புச் சில்லையின் ஆங்கிலப் பெயரான அவதவத் என்பதே அகமதாபாத் என்ற ஊர்ப் பெயரின் திரிபுதான். அந்த அளவுக்கு ஒரு காலத்தில் அங்கிருந்து கூடை கூடையாக ஏற்றுமதியான பறவை அது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1990-91இல் இந்தியப் பறவைகளின் வணிகத்துக்கு விதிக்கப்பட்ட தடையும் அந்தக் கதையை முடித்திருக்க வேண்டும். ஆனால் வியாபாரம் சந்துகளுக்குள் போய் ஒளிந்துகொண்டதே தவிர, ஓயவில்லை. முனியாக்களுக்குப் பச்சை, மஞ்சள், ரோஜா என்று சாயம் பூசி 'வெளிநாட்டுக் குருவி' என்று விற்பது பழைய தந்திரம். இறகின் அடிப்பகுதியில் வேறு நிறம் தெரிந்தாலோ, கால்களில் சாயம் ஒட்டியிருந்தாலோ, ஆள் அருகில் வந்ததும் பறவை கம்பியில் மோதித் துடித்தாலோ அந்தக் கடையை விட்டு வெளியேறுவது நல்லது. இந்தியச் சில்லையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 'தெரியாமல் வாங்கிவிட்டேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சாம்பல் உடலும் தடித்த சிவப்பு அலகும் கொண்ட ஜாவா குருவியின் கதை வேறு. அதுவும் அயல்நாட்டுப் பறவைதான். ஆனால் சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் 1997 முதல் இடம்பெற்றிருக்கிறது. வன உயிரினச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஜீப்ராவுக்கும் பெங்காலீஸுக்கும் இந்தத் தொல்லை இல்லை. புதிதாக வளர்ப்பவருக்கு இந்த இரண்டில் ஒன்றே போதும். வாங்கும் கடை 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றதா என்று கேட்பதில் தவறில்லை.

இனி தேர்வு. ஒற்றைக் குருவியை வாங்கவே கூடாது. ஃபிஞ்ச் கூட்டத்தில் வாழும் பறவை. கிளியைப்போல் மனிதரிடம் ஒட்டிக்கொண்டு தனிமையைத் தீர்த்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு இல்லை. கையில் எடுத்துக் கொஞ்ச ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பறவை பக்கமே போகாமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. ஜீப்ராவில் ஆண், பெண் அடையாளம் காண்பது சுலபம். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, விலாவில் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட செம்பழுப்பு நிறம். பெண் சாம்பல் நிறத்தோடு சரி. வெள்ளை ரகத்தில் அலகுதான் அடையாளம், ஆணுக்கு அடர்சிவப்பு, பெண்ணுக்கு வெளிர் ஆரஞ்சு. அலகு கறுப்பாக இருந்தால் அது இன்னும் குஞ்சு, தவிர்த்துவிடலாம். பெங்காலீஸில் ஆண் மட்டுமே பாடும் என்பதைத் தவிர வேறு வெளி அடையாளம் இல்லை. குஞ்சு பொரிக்கும் எண்ணம் இல்லாதவர்கள் இரண்டு ஆண்களை வாங்கலாம்.

கூண்டு என்றதும் கோபுரம்போல் உயர்ந்த அலங்காரக் கூண்டுதான் பலர் நினைவுக்கு வருகிறது. ஃபிஞ்ச் ஹெலிகாப்டர் அல்ல, செங்குத்தாக ஏறி இறங்குவதற்கு. அது பக்கவாட்டில் பறக்கும் பறவை. எனவே உயரத்தைவிட நீளம் முக்கியம். ஒரு ஜோடிக்கு 75 செ.மீ. நீளம் குறைந்தபட்சத் தேவை, 90 செ.மீ. என்றால் நிம்மதி. கம்பிகளுக்கு இடையே 12 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும். அசையவும் இடமில்லாத கூண்டில் உயிரினத்தை அடைப்பது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட. புதிய துத்தநாக முலாம் பூசிய கம்பி வலையை வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். பறவை அலகால் கொத்தும் துத்தநாகத் துகள் விஷம். உட்காருவதற்குக் கடையில் தரும் பிளாஸ்டிக் குச்சிகளை எறிந்துவிட்டு, வெவ்வேறு பருமனில் வேப்பங்கிளையும் கொய்யாக் கிளையும் வைத்தால் கால்கள் புண்ணாகாது. தீவனக் கிண்ணத்துக்கு நேர் மேலே மட்டும் கிளை இருக்கக் கூடாது. காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

தீவனத்தில்தான் பெரிய ஏமாற்று நடக்கிறது. ஏமாற்றுவது கடைக்காரர் அல்ல, கிண்ணம். ஃபிஞ்ச் தினையை முழுதாக விழுங்காது. உமியை நீக்கி, அரிசியை மட்டும் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மாலையில் பார்த்தால் கிண்ணம் நிறைய தினை இருப்பதுபோல் தெரியும். அத்தனையும் உமி. 'நிறைய இருக்கிறதே' என்று வீட்டுக்காரர் திருப்தியோடு படுக்கப் போக, குருவி பசியோடு காலையைப் பார்க்காமலே போய்விடுகிறது. தினமும் கிண்ணத்தை எடுத்து ஊதி, உமியைப் பறக்கவிட்டு, புதுத் தினை சேர்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யத் தவறினால் பறவை போய்விடும்.

தினையோடு சாமையும் பனிவரகும் கலக்கலாம். தமிழர்கள் இந்தியாவின் எந்த மூலையில் இருந்தாலும் இவை கிடைக்கும். தினையை வடக்கே கங்னி என்று கேட்க வேண்டும். வெறும் தானியம் போதாது. நன்றாகக் கழுவிய கொத்தமல்லி, முருங்கைக் கீரை, வெள்ளரித் துண்டு ஆகியவற்றைத் தரலாம். முட்டையிடும் காலத்தில் வேகவைத்த முட்டையை மசித்துத் தந்து, இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை அகற்றிவிட வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீனின் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் தருவார்கள், வட இந்தியாவில் அதே பொருளுக்குச் சமுத்ரஃபேன் என்று பெயர். உப்பு, சாக்லேட், காபி, வெண்ணெய்ப்பழம் எதுவும் கூடாது. தண்ணீரைத் தினமும், கோடையில் இருவேளையும் மாற்ற வேண்டும். அகலமான தட்டில் கொஞ்சம் தண்ணீர் வைத்தால் குளித்துக் கும்மாளமிடும் காட்சி இலவசம்.

கூண்டை எங்கே வைப்பது? சமையலறையில் நிச்சயமாகக் கூடாது. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுக்கு மீறிச் சூடானால் அதிலிருந்து வரும் புகை மனிதருக்குத் தெரியாமலே பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, கற்பூரம், பெயின்ட் வாசனை எல்லாமே அதன் மெல்லிய நுரையீரலுக்கு எதிரிகள். அறையில் திறந்துவிடுவதாக இருந்தால் மின்விசிறியை நிறுத்திய பிறகுதான். வாசல் வராந்தாவில் தொங்கவிட்டால் பூனை, காகம், எலி ஆகியவற்றுக்கு அழைப்பு விடுத்ததாகிவிடும். கூடத்தில், ஒரு பக்கம் சுவர் அணைந்த, கண் மட்ட உயரமுள்ள இடம் உத்தமம். காலை வெயில் கொஞ்சம் பட வேண்டும், ஆனால் ஒதுங்க நிழலும் வேண்டும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் தேவை. நள்ளிரவுவரை தொலைக்காட்சி அலறும் வீடுகள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

சென்னையில் வளர்த்துப் பழகிய முறை டெல்லிக்குப் பொருந்தாது. ஜனவரிக் குளிர் காற்று நேராகக் கூண்டில் அடித்தால் ஆபத்து. இரவில் மூன்று பக்கமும் கனத்த துணியால் மூட வேண்டும். அதற்காக மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிச் சூடேற்றினால் பறவைக்கு முன் ஆளுக்கே ஆபத்து. மே மாத அனல்காற்றிலும் பால்கனியில் கூண்டு இருக்கக் கூடாது. தீபாவளிக்கு ஜன்னல் இல்லாத உள் அறைதான் அடைக்கலம்.

பல வீடுகளில் அன்பே வினையாக முடிவது குஞ்சு பொரிக்கும் விஷயத்தில். கூண்டில் ஒரு மண் கலயத்தைக் கட்டிவிட்டால் போதும், ஜீப்ரா ஜோடி உடனே குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். நான்கு முதல் ஆறு முட்டை, இரண்டு வாரம் அடைகாப்பு, அடுத்த மூன்று வாரங்களில் குஞ்சுகள் கலயத்தை விட்டு வெளியே. வீடே கொண்டாடுகிறது. கலயம் அப்படியே தொங்குகிறது. தாய் அடுத்த முட்டைகளை இடுகிறது, அதற்கடுத்து மீண்டும். ஒவ்வொரு முட்டையின் ஓடும் அதன் எலும்பிலிருந்து எடுத்த சுண்ணாம்பு. ஒருநாள் முட்டை வெளிவராமல் சிக்கி, தாய் கூண்டின் தரையில் உப்பிக் கிடக்கும். வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறைக்கு மேல் அனுமதிக்காமல் கலயத்தை அகற்றிவிடுவதும், ஒன்பது மாதம் ஆகாத பறவைக்குக் கலயமே வைக்காமல் இருப்பதும்தான் உண்மையான அன்பு. கூடு கட்ட நூலும் பஞ்சும் தரக் கூடாது, கால்களில் சுற்றி இறுக்கிவிடும். சிறிதாக நறுக்கிய உலர்ந்த புல் போதும். பிறக்கும் குஞ்சுகளுக்கெல்லாம் இடம் இருக்கிறதா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அவை மூன்று மாதத்தில் தாங்களே ஜோடி சேரும் வயதை எட்டிவிடும்.

நோயை மறைப்பதில் இந்தக் குருவிகள் கெட்டிக்காரர்கள். காட்டில் பலவீனத்தைக் காட்டும் பறவை வல்லூறுக்கு இரையாகும் என்பதால் வந்த குணம். எனவே வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். பகலில் இறகை உப்பவைத்துத் தூங்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, தரையில் உட்காருவது, பாட்டு நின்றுபோவது ஆகியவை எச்சரிக்கை மணிகள். கூண்டின் ஒரு பக்கத்தில் விளக்கு வைத்துச் சுமார் 30 டிகிரி வெப்பம் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கரைத்துத் தருவது வைத்தியம் அல்ல. நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கும் எல்லாருக்கும் பறவை வைத்தியம் தெரியாது. டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே ஜைன லால் மந்திரில் பறவைகளுக்கென்றே மருத்துவமனை இருக்கிறது, சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பறவை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவைப்பது புத்திசாலித்தனம். புதிதாக வரும் பறவையை ஒரு மாதம் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்த பிறகே பழையவற்றோடு சேர்க்க வேண்டும்.

பறவையைக் கூண்டில் அடைப்பதே சரியா என்ற கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. வானில் பறப்பது பறவைகளின் அடிப்படை உரிமை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2015இல் சொன்னது. நம் வயல்களில் பிடித்த சில்லையைப் பொறுத்தவரை அதில் விவாதத்துக்கே இடமில்லை. ஆனால் எத்தனையோ தலைமுறையாகக் கூண்டில் பிறந்த ஜீப்ராவையோ பெங்காலீஸையோ இரக்கப்பட்டு ஜன்னலைத் திறந்து விடுவது விடுதலை அல்ல. இரை தேடவும் காகத்திடமிருந்து தப்பவும் தெரியாத அந்தப் பறவைக்கு அது மரண தண்டனை. மாற்றல் உத்தரவு வந்ததும், விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போதும், குழந்தைக்குப் பரீட்சை என்றதும் பல கூண்டுகள் இப்படித்தான் காலியாகின்றன.

நன்றாகப் பராமரித்தால் ஒரு ஃபிஞ்ச் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்வரை வாழும். இன்று ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு விரல் நீட்டும் குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை அது வீட்டில் இருக்கலாம். அத்தனை வருடமும் தினம் காலையில் கிண்ணத்தை ஊதப் போவது யார் என்ற கேள்விக்கு வீட்டில் ஒருவராவது கை தூக்க வேண்டும். யாரும் தூக்கவில்லை என்றால், அந்தப் பணத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கிக்கொண்டு வயல்வெளிப் பக்கம் போகலாம். அங்கே கதிரில் தொங்கியபடி தினை கொத்தும் சில்லைகளைக் காசில்லாமல் பார்க்கலாம்.