பாஸ்வேர்ட் இருந்தால் போதுமா?

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் வாழை இலையும் வாங்கப் போகும்போது ஜெராக்ஸ் வேலையையும் முடித்துக்கொண்டு வருவது நம் வீடுகளில் வழக்கம். சென்ற நவம்பரில் பென்ஷன் காகிதங்களை ஸ்கேன் செய்ய அப்படித்தான் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் என் ஃபைலைத் தேடியபோது, எனக்கு முன் வந்துபோனவர்களின் ஆதார், பான் கார்டு, பாஸ்புக் நகல்கள் திரையில் வரிசையாகத் தெரிந்தன. "இதையெல்லாம் யாரும் பார்க்கலாமே?" என்றேன். "பாஸ்வேர்ட் இருக்கிறதே, அங்கிள்ஜி!" என்றான் இந்தியில்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றியவன். ரிலே அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றது சிக்னல் ஊழியரிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். ஆட்களை நம்பாததால் அல்ல. எவ்வளவு நல்லவரானாலும் தனியாகத் திறந்து தவறு நேர இடம் தரக்கூடாது என்பதால்தான்.

பழைய கம்ப்யூட்டர்களில் இந்த எண்ணமே கிடையாது. விண்டோஸ் 98 பாஸ்வேர்ட் கேட்கும். 'கேன்ஸல்' அழுத்தினாலே பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். எந்த ஃபைல் யாருடையது என்ற கணக்கும் அதில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கே எல்லாம் சொந்தம். 2001-இல் வந்த எக்ஸ்.பி., ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு உரிமை என்று பிரித்துவைக்க வழி செய்தது. ஆனால் வீட்டிலும் கடையிலும் எல்லோரும் ஒரே கணக்கில் நுழைந்தால் அதனால் என்ன பயன்?

ஒழுங்காகப் பிரித்து வைத்தாலும் ஓட்டை விழலாம். 2021 ஜூலையில் விண்டோஸ் 10-இல் ஒரு குறை வெளிப்பட்டது. பாஸ்வேர்ட் விவரங்களைக் காக்கும் ஃபைலின் சேமிப்புப் பிரதியைச் சாதாரணக் கணக்கில் இருப்பவரும் படிக்க முடிந்தது. அதை வைத்து முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழி இருந்தது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. அது, போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் பயன்பட்டது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. தனியே பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் சிறிது கால நீட்டிப்பு. இனி ஓட்டை தெரிந்தால் மற்றவர்களுக்கு அடைப்பவர் யார்?

கடைக்காரரைக் குறை சொல்லி என்ன லாபம்? புதுக் கம்ப்யூட்டரின் விலை அவருக்கும் சுமைதான். நாம்தான் விழித்துக்கொள்ள வேண்டும். ஆதாரின் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் பிரதி கிடைக்கிறது. ஏற்கும் இடங்களில் அதையே கொடுங்கள். வேலை முடிந்ததும் ஃபைலை அழிக்கச் சொல்லி, 'ரீசைக்கிள் பின்'னும் காலியாகும் வரை நில்லுங்கள். அப்படியும் தடயம் மிஞ்சலாம் என்பதால், முடிந்ததை வீட்டிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டரைக் கபாடிக்காரரிடம் போடும் முன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள்.

நம் சங்கத்து இளைஞர்கள் ஒரு ஞாயிறு மாலை பெரியவர்களுடன் உட்கார்ந்து இவற்றைச் சொல்லிக் கொடுத்தால் பெரிய உபகாரம். "நம்மிடம் திருட என்ன இருக்கிறது?" என்கிறார் என் நண்பர். முப்பத்தைந்து வருஷம் உழைத்துச் சேர்த்த பென்ஷன் இருக்கிறதே, ஸ்வாமி!