வேலிக்குக் கீழால வாறது



லாச்சப்பல் சாமான் பையோட கார் து நோரில ஆர்.இ.ஆர். பி எடுத்து, மாதத்துக்கு ரெண்டு தரம் திரான்சிக்கு மாமா வீட்ட போறனான். இருபது வருசம் உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு சமைச்சு வாங்கின பவியோன் அது. பின்வளவில் கத்தரி, மிளகாய், சாடியில் கறிவேப்பிலை. வேலிக்கு அங்கால ஒரு தனியார் காணி. கேற் பூட்டி, உரிமையாளர் யாரெண்டே தெரியாமல் கிடக்கு.

அங்கயிருந்துதான் அது வந்தது. பிரெஞ்சில ரெனுவே து ஜப்போன். மாமா 'யப்பான் மூங்கில்' எண்டுவார். மூங்கில் மாதிரிக் கணு இருக்கே தவிர மூங்கில் இல்லை. ஒரு கோடையிலேயே மூன்று மீற்றர் வரை வளரும். வேர்த்தண்டில் ஒரு கிராமுக்கும் குறைஞ்ச துண்டு மண்ணில் கிடந்தாலே திரும்ப முளைக்கும். கிண்டினால் துண்டாகும், துண்டானால் பெருகும்.

போன வருசம் பக்கத்து வீட்டு மனுசி மாமாவுக்கு முன்னாலேயே சொன்னா: "ஆசியாவில இருந்து வந்து எல்லா இடத்தையும் பிடிக்குது." மாமா சிரிச்சார். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் வலிச்சது. இதை எங்கட தோழர் ஒருவருக்குச் சொல்ல, அவர் மறுபக்கம் போனார்: "அப்ப அதை வெட்டாதீங்கோ, அதுவும் ஒரு அகதிதானே."

இல்லை. அகதியை யாரும் தங்கப் பதக்கம் குடுத்து வரவேற்கிறதில்லை. ஒல்லாந்தருக்கு வேலை செய்த ஜேர்மன் மருத்துவர் சீபோல்ட் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து, லெய்டனில் தன் நாற்றுப்பண்ணையில் விற்ற சரக்கு இது. 1847இல் உட்ரெக்ட் தோட்டக்கலைச் சங்கம் இதற்குப் பதக்கமே குடுத்தது. 1850இல் இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. பணக்காரர் தோட்டத்துக்கெண்டு காசு குடுத்து வாங்கின அழகுச்செடி, பிறகு வேலி தாண்டினது. ஊரில் எரிமலைச் சாம்பலில் முளைக்கிற செடி. அங்க அதைத் தின்னுற பூச்சியும் பூஞ்சணமும் இருக்கு, இங்க இல்லை. வெட்டத்தான் வேணும். ஆனால் வெட்டுறதுக்கு 'அந்நியன்' கதை தேவையில்லை.

உண்மையான கேள்வி, யார் வெட்டுறது? பிரித்தானியா வழக்குப் போடுற வழியில் போனது. வீடு விற்கும் படிவத்திலேயே இந்தச் செடிக்குத் தனிக் கேள்வி இருக்கு. வேல்ஸில் ரெண்டு வீட்டுக்காரர் ரயில்பாதைக் காணியிலிருந்து வந்த செடிக்காக நெட்வேர்க் ரெயிலில் வழக்குப் போட்டு, 2018இல் மேன்முறையீட்டிலும் வென்றினம். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடிச்ச ஒரு வரி இருக்கு: வீட்டின் விலை குறைஞ்சது மட்டும் வழக்குக்குக் காணாது, காணியை அனுபவிக்க விடாமல் அந்த வேர்த்தண்டு குடுக்கிற சுமைதான் தீங்கு. ஆனாலும் வழக்குப் போட காசும் மொழியும் துணிவும் வேணும். மாமாவிட்ட இருக்கிறது முதுகுவலி.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லோணும். கத்தரிப் பாத்தியின் மூலையில் நிக்கிற செடி வேலியால வந்ததில்லை. கட்டட வேலை செய்யிற ஒரு கூட்டாளி மலிவாகக் கொண்டுவந்து கொட்டின மண்ணோட வந்தது எண்டுதான் நான் நினைக்கிறன். பாரிசைச் சுற்றி எவ்வளவு மண் தோண்டி ஏத்தி இறக்குப்படுது! இதில் எந்தத் துண்டு யாருடைய குற்றம் எண்டு எந்த நொத்தேர் பிரிச்சுச் சொல்லுவார்?

அதே கூட்டாளி ஒரு கலன் கிளைபோசேட்டும் 'ஒழுங்குபடுத்தலாம்' எண்டார். 2019இலிருந்து இங்க வீட்டுத்தோட்டக்காரர் அதை வாங்கவோ வைச்சிருக்கவோ ஏலாது. சட்டத்தை விடுங்கோ. இலங்கையில் விவசாயிகளின் சிறுநீரக நோயோட தொடர்பிருக்கும் எண்ட சந்தேகத்தில் 2015இல் அதைத் தடைசெய்தவை. அறிவியலில் இன்னும் விவாதம்தான். ஆனால் மருந்தைத் தோளில் சுமந்து அடிச்சவர்களின் பிள்ளைகள் நாங்கள், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் அதை அடிக்கேலாது.

எனக்குச் சரியாகப் படுறது இதுதான்: வேர்த்தண்டு காணி உறுதியைப் பார்க்கிறதில்லை, வேலையும் அதைப் பார்க்கக்கூடாது. வீட்டுக்காரரிட்ட அறிவுரைத் தாளைக் குடுத்துவிட்டு நகரசபை கை கழுவக்கூடாது. பூட்டின காணிக்குள் போய் வெட்ட ஆட்களுக்கும், வெட்டினதை எரிக்கக் கொண்டுபோகவும் பொதுக்காசு வேணும். அம்ப்ரோசியாவை மனித உடல்நலத்துக்குக் கேடான செடியெண்டு 2017இல் ஆணை போட்டு, காணிக்காரரை அழிக்கச் சொல்ல அரச அதிபர்களுக்கு வழி திறந்தவை. மூக்கு ஒழுகினால் தனியார் சொத்துக்குள் போக வழி இருக்கெண்டால், இதுக்கும் இருக்கும்.

அதுவரை எங்கட கைதான். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை மாதம் ஒருக்கால், கத்தியால் அடியோட வெட்டோணும். புல்வெட்டி மெசின் வேண்டாம், அது துண்டுகளை எறியும். வெட்டினதை படங்கில் காயவிடோணும், உரக்குழியில் போடக்கூடாது. நாலைஞ்சு வருசம் இப்பிடி. ஜப்பானில் இளந்தண்டைச் சமைப்பினம், புளிக்கும். திரான்சியில் செய்து பார்க்காதீங்கோ, அந்த மண்ணில் என்ன உலோகம் கிடக்கோ.

போன மாதம் மூன்றாவது வெட்டு. அந்த மனுசியும் தன் பக்கத்தால வெட்டினா, மாமா தேத்தண்ணி குடுத்தார். 'ஆசியா' கதையை நான் திரும்ப எடுத்தன். அவ தன்ர அப்பா போர்த்துக்கல்லில இருந்து வந்தவர் எண்டா. நான் சீபோல்டின் பதக்கக் கதையைச் சொன்னன், முழுசாக நம்பேல்லை. அடுத்த வெட்டு வாற சனி, காலை பத்து மணி. கையுறை கொண்டு வாங்கோ.