கன்றை எண்ணுற ஆக்களோட கூட்டுச் சேரமுதல்

சூழல் காக்கும் கிறிஸ்தவ அமைப்புகளும் கிறிஸ்தவ நிவாரண நிறுவனங்களும் கைகோக்கிறதை நல்ல செய்தி எண்டு எல்லாரும் சொல்லுகினம். 1983இல் போர்த்துக்கலில் தொடங்கின 'ஆ ரோஷா' அமைப்பு 2016இல் இங்கிலாந்துத் தேவாலயங்களுக்காகக் கொண்டுவந்த 'ஈகோ சேர்ச்' திட்டத்தில் டியர்ஃபண்டும் கிறிஸ்ரியன் எய்டும் பங்காளிகள். சந்தோஷம். ஆனா கூட்டுச் சேர்ந்தபிறகு ஆற்ற கடிகாரம் ஓடும் எண்டதுதான் எங்கட கேள்வி.

நிவாரணக் காசுக்குக் காலக்கெடு இருக்கு. இத்தனை மாதத்தில் செலவழி, கணக்குக் காட்டு, படம் அனுப்பு. காடு அப்படி வளராது. காசு வைத்திருப்பவர் சொல்லுறதுதான் கடைசியில் நடக்கும்.

நாங்கள் இதை ஏற்கெனவே அனுபவிச்ச ஆக்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெல்லாம் கண்டல் நட்டார்கள். நட்ட எல்லாரும் தேவாலயக்காரர் இல்லை, அதை நேர்மையாகச் சொல்லவேணும். 2017இல் வெளியான ஆய்வொன்று 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. ஒன்பது இடத்தில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை நட்டதில் தப்பியது 200 சொச்சம்தான். ஏன்? தண்ணி எவ்வளவு நேரம் நிற்கும் எண்டு பாராமல் பிழையான இடத்தில் நட்டது, அந்த மண்ணுக்கு ஒவ்வாத இனத்தை நட்டது, பிறகு மாடு மேய்ஞ்சாலும் பார்க்க ஆளில்லாமல் விட்டது. சில இடங்களில் அடைபட்ட நீரோட்டத்தை வெட்டிவிட்டாலே போதும், கண்டல் தானா வந்து முளைக்கும். ஆனா வாய்க்கால் வெட்டுறதுக்கு முன்னால நிண்டு ரீசேர்ட்டோட படம் எடுத்தால் ஆர் பார்ப்பினம்?

சரியாகச் செய்ய முடியாது எண்டும் இல்லை. கென்யாவில் அரபுகோ சொகோக்கே காட்டோரம் ஆ ரோஷா 2001இல் ஒரு திட்டம் தொடங்கியது. மிடா கழிமுகத்துக்குப் பறவை பார்க்க வரும் பயணிகளின் காசு, காட்டோரக் குடும்பத்துப் பிள்ளைகளின் இடைநிலைப் பள்ளிக் கட்டணமாகப் போகிறது. காடு நிண்டால்தான் பள்ளிக் கட்டணம். சூழலும் வறுமையும் ஒரே கணக்கில் வருது, தனித்தனி அறிக்கையில் இல்லை. அதுக்கும் மேலாக, அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

அதனால் கூட்டு வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை மாத்துங்கோ எண்டுறம். நட்ட கன்றை எண்ணாதேங்கோ, அஞ்சு வருசத்தில் உயிரோட நிக்கிறதை எண்ணுங்கோ. "இஞ்ச நடாதேங்கோ" எண்டு சொல்லுற அதிகாரத்தைச் சூழல்காரரிட்டக் குடுங்கோ, காசு திரும்பிப் போனாலும் பரவாயில்லை. பராமரிப்புக்குத் தனியா ஒரு பங்கை முதலே ஒதுக்குங்கோ.

அடுத்த முறை உங்கட கோயிலில் கன்று நட வரச்சொல்லிக் கூப்பிட்டால், ரீசேர்ட்டைப் போடமுதல் ஃபாதரிட்ட ஒருக்காக் கேளுங்கோ: மூண்டு வருசம் கழிச்சு இதைப் பார்க்க ஆர் வாறது?