கடை வாடகையும் வெள்ளச் சேதமும்

2015-ம் வருஷம் டிஸம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது எழுந்த கேள்வி, மழைக்காலந்தோறும் திரும்ப எழக்கூடியதே. வாடகைக் கடையின் சுவர் இடிந்தால் நஷ்டம் யாருடையது? "அநுபவிப்பவர் நீர்தானே!" என்பார் சொந்தக்காரர். கடைக்காரரும் வாய்மூடிப் பணம் கொடுத்துவிடுகிறார். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவை நம் வியாபாரிகள் அவசியம் அறியவேண்டும். நியாயமான தேய்மானத்துக்கும், தடுக்கவியலாத சக்தியால் நேரும் சேதத்துக்கும் வாடகைதாரர் பொறுப்பாளியல்லர். தம்முடைய குற்றத்தால் விளைந்த பழுதையோ, நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் அவர் சீர்செய்தாக வேண்டும். சொந்தக்காரர் தாம் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை அறிவித்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிடில், வாடகைதாரரே செய்து, செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

வெள்ளத்தாலோ தீயாலோ இடம் நிரந்தரமாக உபயோகமற்றுப் போனால், குத்தகையை ரத்துச் செய்யும் விருப்பம் வாடகைதாரருக்கே உண்டு. சேதம் அவரால் நேர்ந்திருக்கக் கூடாது, அவ்வளவே. கட்டிடம் அழிந்ததனாலேயே குத்தகை ஒழிந்துவிடாதென்று ஸுப்ரீம் கோர்ட்டும் 2014-ல் தீர்ப்பளித்தது. இடிந்ததைச் சாக்கிட்டுக் கடைக்காரரை வெளியேற்ற நினைப்போர் இதைக் கவனிப்பார்களாக. ஆனால், ரத்தும் செய்யாமல், கதவைப் பூட்டிவிட்டு வாடகையை நிறுத்துவது கடைக்காரருக்கே அபாயம்.

இத்தனையும் பத்திரத்தில் மாறாக எழுதாதவரையில்தான். "சகல சேதங்களுக்கும் குத்தகைதாரரே ஜவாப்தாரி" என்னும் ஒற்றை வரி இந்தப் பாதுகாப்புகளில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அட்வான்ஸ் தொகையை எண்ணிக் கொடுக்கும் கை, அந்த வரியைக் கண்ட இடத்தில் சற்றே நிற்கட்டும். கடையின் அன்றைய நிலைமையையும் எழுதி இருவரும் கையொப்பமிடட்டும்.