பூனைக்குக் கருத்தடை: அடுத்த 14 நாள்கள் வீட்டுக்காரர் பொறுப்பு

கடலூர் மாவட்டத்தில் நெல் இருக்கும் வீட்டில் பூனையும் இருக்கும். வீராணம் பாசனத்தில் சம்பா அறுத்து மூட்டை அடுக்கிய காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பகுதி வீடுகளானாலும் சரி, கடலூர் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளானாலும் சரி, எலிக்குக் காவல் அதுதான். அந்தக் காவலுக்கு நாம் கொடுக்கும் கூலி கொஞ்சம் சோறும் மீன் தலையும்.

ஆனால், பெட்டைப் பூனை 4 முதல் 6 மாத வயதிலேயே பருவத்துக்கு வந்துவிடுகிறது. சினைக்காலம் 9 வாரம்தான். வருடத்துக்கு இரண்டு, மூன்று ஈற்று. ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும். வைத்துக்கொள்ள ஆளில்லாத குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டுச் சந்தை ஓரத்திலும் மீன் கடைப் பக்கமும் விடப்படுகின்றன. பாதிக்கு மேல் பிழைப்பதில்லை என்பது விடுகிறவருக்கும் தெரியும். இதற்கு நல்ல வழி கருத்தடை அறுவை சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்து, கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவார்கள். ‘அப்புறம் எலி பிடிக்காது’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். வேட்டையாடும் குணம் சூலகத்தோடு போவதில்லை. சோற்றை அளவோடு போட்டால் பூனை வழக்கம்போல் எலி பிடிக்கும்.

என் கவலை அறுவைக்குப் பிந்தைய நாள்களைப் பற்றியது. மருத்துவர் செய்யும் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தையல் ஆறும் 14 நாளும் வீட்டில் நடக்கிற வேலை. அதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் ஒரு பூனைக்குத் தையல் பிரிந்தால், ‘ஆபரேஷன் செய்தால் செத்துப்போகும்’ என்ற பேச்சு ஊரெல்லாம் பரவும். பிறகு அந்தத் தெருவில் யாரும் பூனையை மருத்துவரிடம் எடுத்துப் போக மாட்டார்கள். மறுபடி சாக்குதான்.

எலி மருந்தை மறைக்காதீர்கள்

விவசாய வீட்டுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. வயலிலோ வீட்டிலோ கடந்த சில வாரங்களில் புரோமடியோலோன் கட்டி வைத்திருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மருந்து இரத்தத்தை உறையவிடாமல் செய்து எலியைக் கொல்கிறது. மருந்து தின்ற எலியைத் தின்ற பூனைக்கும் அதே கதி நேரலாம். வெளியே பார்க்கத் துடிப்பாக இருக்கும். கத்தி பட்டதும் இரத்தம் நிற்காது. தெரிந்தால் மருத்துவர் நாளைத் தள்ளிவைப்பார். தேவையானால் வைட்டமின் கே கொடுப்பார். பூனை குணமாகும் நாள்களிலும் வீட்டுக்குள் எலி மருந்து வேண்டாம், எலிப்பொறி போதும்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அறுவடை மும்முரத்திலோ, வடகிழக்குப் பருவமழையில் கூரை ஒழுகும் நேரத்திலோ பூனையைத் தனியாக ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது. இரண்டு வாரம் வீட்டில் ஒருவராவது நிலையாக இருக்கும் காலமாகப் பாருங்கள்.

முதல் இரவு

கடலூரிலோ சிதம்பரத்திலோ அறுவையை முடித்துப் பேருந்தில் திரும்புகிறவர்கள் பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டக் கூடாது. மயக்கம் முழுதும் தெளியாத பூனை வாந்தி எடுத்தால் மூச்சடைத்துவிடும். காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடையில் பழைய துணி விரித்து, மூடியைக் கயிற்றால் கட்டி, மடியில் வைத்துக் கொண்டு வாருங்கள்.

வீடு வந்ததும் சந்தடி இல்லாத, இருட்டான இடத்தில் தரையிலேயே விடுங்கள். மயக்க மருந்து உடம்புச் சூட்டைக் குறைத்துவிடும். எனவே, வெறும் சிமென்ட் தரையில் படுக்கவிடாமல் மடித்த துணியோ கோணியோ போடுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம். தள்ளாடிப் போய் விழுந்துவிடும். தலையை நிமிர்த்தி நேராக நடக்கத் தொடங்கிய பிறகு கொஞ்சம் தண்ணீர் வையுங்கள். அது வயிற்றில் தங்கினால் வழக்கமான உணவில் கால் பங்கு கொடுக்கலாம். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிறு கழிந்து தையல் பக்கமெல்லாம் அசுத்தமாகும்.

மூன்றாம் நாள்தான் சோதனை

முதல் நாள் படுத்தே கிடக்கும் இளம் பூனை, இரண்டாம், மூன்றாம் நாளில் பழைய துள்ளலோடு எழுந்துவிடும். ‘குணமாகிவிட்டது, அவிழ்த்து விடு’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் கெடுவது அங்கேதான். வலி குறைந்திருக்கிறதே தவிர, புண் ஆறவில்லை. மேல்தோல் ஒட்டவே 10 நாளுக்கு மேல் ஆகும். அதற்குக் கீழே தைத்திருக்கும் தசைச் சுவர் பழைய பலம் பெற வாரக்கணக்கில் ஆகும். பரணிலிருந்து ஒரு குதி குதித்தால், மேலே தையல் அப்படியே இருக்க உள்ளே பிரிந்து குடல் பிதுங்கவும் கூடும்.

ஆகவே, குறைந்தது 10 முதல் 14 நாள் பூனை குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, வெளியே போகக் கூடாது. பரணும் மூட்டை அடுக்கும் இல்லாத சிறிய அறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், பூனை எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவுள்ள கம்பிக் கூண்டு போதும். கோழிக் கூண்டையும் நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைப்பது சரிப்படாது. இளம் பூனை அதை முட்டித் தள்ளிவிடும், இடுக்கில் நகம் மாட்டிக்கொள்ளும்.

கூண்டில் போட்டதும் கத்தத்தான் செய்யும். பூனைக்கு விடியலும் அந்தியும்தான் ஓட்டநேரம். அந்த இரண்டு வேளைக்கும் முன்னால் கூண்டை ஒரு துணியால் பாதி மூடுங்கள். ஒரே தட்டில் கொட்டாமல் ஒரு நாள் உணவை நான்கைந்து பங்காக்கிக் கொடுங்கள். கருவாட்டுத் துண்டை வேண்டாம். உப்பில்லாமல் வேகவைத்த மீனை முள் நீக்கி, கசக்கிய காகிதத்துக்குள் வைத்துக் கொடுத்தால் தேடித் தின்பதிலேயே அரை மணி போகும். கயிறு ஆட்டி விளையாட்டுக் காட்ட வேண்டாம். மற்ற பூனைகளை, முக்கியமாகக் கடுவனை, அண்டவிடாதீர்கள். இவ்வளவுக்கும் அடங்காமல் கூண்டில் மோதிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அமைதிப்படுத்த மருந்து உண்டு.

நக்கவிடக் கூடாது

‘பூனை எச்சிலே மருந்து’ என்பது வழக்கில் உள்ள நம்பிக்கை. பூனையின் நாக்கு அரம் மாதிரி. எச்சிலில் கிருமி நிறைய. ஓர் இரவு விடாமல் நக்கினால் தையலையே பிடுங்கிவிடும். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைக் கேட்டு வாங்கி, தையல் பிரிக்கும் வரை கழற்றாதீர்கள். தலையை ஆட்டி, பின்பக்கமாக நடந்து, ஒரு நாள் கலாட்டா செய்யும், பிறகு பழகிவிடும். சாப்பாட்டை அகலமான, தாழ்ந்த தட்டில் வையுங்கள். கூம்பைக் கழற்றிப் போடுகிற பூனையாக இருந்தால், பழைய பனியன் துணியில் நாலு கால் துளை போட்டுச் சட்டை மாதிரி மாட்டலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

மலஜலத்துக்கு மணலோ சாம்பலோ வேண்டாம்; தையலில் ஒட்டும். செய்தித்தாளைக் கிழித்து ஒரு தட்டில் போட்டு வையுங்கள். குளிப்பாட்டக் கூடாது.

கை வைத்தியம் வேண்டாம்

புண் என்றதும் மஞ்சளைக் குழைத்துப் பூசுவது நம் வழக்கம். இங்கே அது வேண்டாம். பூசியது எதுவானாலும் பூனை நக்கி விழுங்கும். அடியில் சீழ் பிடித்தாலும் நமக்குத் தெரியாது. வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், பினாயில், டெட்டால் எதுவும் பூனைமேல் படக் கூடாது. பினாயில் வகை மருந்துகளை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. கூண்டையும் தரையையும் சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்தினால் போதும்.

இதைவிட ஆபத்து மனிதர் சாப்பிடும் வலி மாத்திரை. ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்பும் அதே மருந்துதான். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் கூடாது. மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் ஊசி மருந்தை அளவைக் குறைத்துப் போடும் யோசனையும் வேண்டாம். மருத்துவர் எழுதியதை, எழுதிய அளவில், எழுதிய நாள் வரைக்கும் கொடுங்கள்.

மாட்டுத் தொழுவம் உள்ள வீட்டில் ஈக்கும் பஞ்சமில்லை. ஈரமான தையலில் ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். கூண்டைத் தொழுவத்திலிருந்து தள்ளி வைத்து, மேலே கொசுவலை போடுங்கள்.

காலையும் மாலையும் பாருங்கள்

தினம் இரண்டு வேளை, வெளிச்சத்தில், தையலைப் பாருங்கள். வயிற்றின் நடுவிலோ விலாப் பக்கமோ தையல் இருக்கும். லேசான சிவப்பும், தையலுக்கு அடியில் பயறு அளவு கெட்டியும் இருந்தால் பயப்பட வேண்டாம். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்: இரத்தம் சொட்டுவது, சீழ் அல்லது வாடை, தையல் திறந்திருப்பது, மெத்தென்ற வீக்கம் பெருத்துக்கொண்டே போவது, ஒரு நாள் முழுதும் ஒன்றும் தின்னாமல் இருப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு நாளாகியும் சிறுநீர் போகாமல் இருப்பது. ஈறு வெளுத்திருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. உள்ளே இரத்தக் கசிவு இருக்கலாம்.

வீட்டுக்குக் கிளம்பும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: தானே கரையும் தையலா, பிரிக்க வேண்டியதா? பிரிக்க வேண்டியதென்றால் வழக்கமாக 10 முதல் 14 நாளுக்குள் தேதி கொடுப்பார்கள். நாமே பிளேடால் அறுக்கக் கூடாது. இன்னொன்று: கடுவனுக்குக் கருத்தடை செய்திருந்தாலும் சில வாரங்கள் வரை அதனால் பெட்டை சினையாகலாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

கறவை மாட்டுக்குச் சினை ஊசி போட்டால், மறுபடி எப்போது பருவம் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் யாரும் அனுப்புவதில்லை. பூனைக்கும் அப்படியொரு பழக்கம் வர வேண்டும். அறுவை செய்கிற ஒவ்வோர் இடத்திலும் மேலே சொன்னதை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து, பூனையோடு கையில் கொடுக்கலாம். அதில் தையல் பிரிக்கும் தேதியும், இரவில் கூப்பிட ஓர் எண்ணும் இருக்க வேண்டும். கூம்பை விலைக்கு வாங்க முடியாதவர்களுக்கு முகாம்களில் இலவசமாகக் கொடுக்கலாம், செலவு பெரிதில்லை. கால்நடை ஆய்வாளரும் உதவி வேளாண்மை அலுவலரும் எலிக் கட்டுப்பாடு பற்றிப் பேசும் கூட்டத்தில், பூனையைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசலாம். மகளிர் குழுக்களில் பேசினால் இன்னும் பலன், ஏனென்றால் கூண்டின் பக்கத்தில் இருந்து பார்க்கப்போவது அவர்கள்தான்.

கூண்டு இல்லை, ஆள் இல்லை என்றால் அறுவை நாளைத் தள்ளிப் போடுங்கள். அதுவரை பருவம் வந்த பெட்டையைக் கடுவன் அண்டாமல் அடைத்து வையுங்கள். செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் நாள்காட்டியில் 14-ஆம் நாளில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பூனையை எடுத்துப் போங்கள். அந்த நாளுக்கு முன், எவ்வளவு கத்தினாலும், கூண்டைத் திறக்கச் சொல்ல வேண்டியவர் மருத்துவர் ஒருவரே.